வீட்டுப் பேச்சு வெளியே போன வழி

மகனின் பனியன் கம்பெனிக்கு நான் போவது மாதத்துக்கு ஒரு முறை, முடிவெட்டிக்கொள்ளப் போகும் வழியில். அன்றைக்கும் அப்படித்தான் போனேன். மேனேஜரின் கண்ணாடி கேபினில் உட்கார்ந்ததும், டீ கொண்டுவருபவர் மற்ற எல்லோருக்கும் டீ வைத்துவிட்டு எனக்கு மட்டும் ஒரு டம்ளர் சுடுதண்ணீர் வைத்தார்.

"எனக்கு டீ இல்லீங்களா?"

"பெரியவருக்கு இப்போதைக்கு டீ வேண்டாமுங்க. சுடுதண்ணியக் குடிங்க. காலைல தானா எளகீரும்."

மேனேஜர் திடீரென்று கணினித் திரையைக் கவனமாகப் பார்க்க ஆரம்பித்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் செக்கிங் மேசைகளில் பெண்கள் நின்றுகொண்டு, தைத்து வந்த டி-ஷர்ட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் இருவர் குனிந்துகொண்டார்கள். தோள்கள் குலுங்கின.

எனக்கு நான்கு நாளாக வயிறு இளகவில்லை என்பது உண்மை. அதை ஒரே ஒருவரிடம்தான் சொல்லியிருந்தேன். மருமகளிடம், எங்கள் வீட்டுச் சமையலறையில், முந்தின நாள் காலையில்.

வெந்நீரைக் குடித்துவிட்டு வெளியே வந்தேன். வீட்டில் பேசுவதை யாரோ கம்பெனிக்குக் கொண்டுபோகிறார்கள். நாளிதழ் அலுவலகத்தில் முப்பது ஆண்டு பிறர் கொண்டுவந்த செய்தியைத் திருத்தி அச்சுக்கு அனுப்பியவன் நான். ஒரு செய்தி எங்கிருந்து கிளம்பியிருக்கும் என்று கண்டுபிடிப்பது எனக்குப் பழகிப்போன வேலை. ஆட்டோ அனுப்பர்பாளையம் வந்து சேர்வதற்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் நான்கு பேர்தான். நான், மகன், மருமகள், வேலைக்கு இருந்த அம்மாள். அந்த அம்மாளுக்கு அருப்புக்கோட்டைப் பக்கம். வீட்டுக்குப் பின்னால் சுற்றுச்சுவரை ஒட்டியிருந்த ஓர் அறையில், பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளோடு இருந்தார். அவருடைய தங்கை எங்கள் கம்பெனியில் செக்கிங் செக்‌ஷனில் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அக்காவைப் பார்க்க வருவார். இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

அதற்கு முன்பே வீட்டில் சில விஷயங்கள் எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த வருடம்தான் மகன் குரல் கேட்டு வேலை செய்யும் பெட்டிகளை வாங்கிவந்திருந்தான். உள்ளங்கை அளவு, உருண்டை. ஒன்றைச் சமையலறைக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவிலுள்ள அரைச் சுவரில் வைத்தான், ஒன்றை மாடியில் தன் அறையில், மூன்றாவதைக் கம்பெனியில் மேனேஜர் மேசைமேல். எலக்ட்ரீசியன் இரண்டு நாள் இருந்து விளக்கு, மின்விசிறி, போர் மோட்டார், வாசல் கேட் எல்லாவற்றையும் அதனோடு இணைத்துவிட்டுப் போனார். ஆங்கிலத்தில் சொன்னால் செய்யும். மருமகள் "ஸ்விட்ச் ஆன் த மோட்டார்" என்று சொல்லிவிட்டு, பழக்கதோஷத்தில் கடைசியில் ஒரு "ங்க" சேர்ப்பாள்.

"அதுக்கெதுக்கு அம்மிணி மரியாதை?" என்பான் மகன்.

"அது சொன்ன ஒடனே கேக்குதுங்க. நீங்க கேக்கறீங்களா?"

கம்பெனியோடு பேசவும் அந்தப் பெட்டிதான். மகன் தோசையைப் பிய்த்துக்கொண்டே ஒரு வார்த்தை சொல்வான். மணி அடிக்காமலே மேனேஜரின் குரல் சுவரிலிருந்து வரும். டையிங்கிலிருந்து துணி வந்ததா, பிரிண்டிங்குக்குப் போனதா என்று கேட்டு முடித்ததும் "சரி, வெச்சர்றேன்" என்பான். அந்தப் பக்கத்திலிருந்து "சரிங்க, வெச்சுருங்க" என்று வரும். மகன் கை கழுவப் போய்விடுவான். போனில் பேசுகிறவர்கள் எல்லோரும் அப்படித்தானே பேசி முடிக்கிறோம்.

முதலில் என் கண்ணில் பட்டது மின்விசிறி. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் பேப்பர் படிக்கும் நேரத்தில், சாப்பாட்டு அறை விசிறி தானாக நின்றுவிடும். தினமும் இல்லை, வாரத்தில் நாலைந்து நாள், ஏறக்குறைய ஒரே நேரத்தில். வேலைக்கார அம்மாளுக்கு ஆங்கிலம் தெரியாது. மகளுக்குத் தெரியும். ஒரு நாள் மாலை அந்தப் பெண் பெட்டியின் முன் நின்று ஏதோ ஒரு சொல்லின் எழுத்துகளைக் கேட்டுக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். என்னைக் கண்டதும் போய்விட்டாள்.

அடுத்தது மேனேஜர் விஷயம். மருமகளுக்கு மற்றவர்கள் மாதிரிப் பேசிக்காட்டும் திறமை உண்டு. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், மேனேஜர் மூக்கால் பேசுவதையும் வாக்கியத்துக்கு வாக்கியம் "அதாவதுங்க" போடுவதையும் பேசிக்காட்டினாள். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அடுத்த வாரம் ஒரு கல்யாணத்தில் மேனேஜர் அவளைப் பார்த்து ஒரு வணக்கம் வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டார். அன்று அவர் பேசிய எந்த வாக்கியத்திலும் "அதாவதுங்க" இல்லை என்பதைக் கவனித்தேன்.

அந்த அம்மாளின் நடத்தையும் மாறியிருந்தது. முன்பெல்லாம் சமைக்கும்போது ஊர்க்கதை ஓயாது. இப்போது சமையலறையில் வாயைத் திறப்பதே இல்லை. அதைவிட முக்கியமாக, நானும் மகனும் மேசையில் ஏதாவது பேச ஆரம்பித்தால் பாத்திரம் தேய்க்கும் குழாயை முழுவதும் திறந்துவிடுவார். சில நேரம் மிக்ஸியில் ஒன்றும் இல்லாமல் ஓட்டுவார். நாங்கள் பேசுவதைத் தான் கேட்கவில்லை என்று காட்டிக்கொள்வதற்காகச் செய்கிறார் என்று எழுதி வைத்துக்கொண்டேன்.

எழுதி வைத்தேன் என்று சொன்னது நிஜமாகவே எழுதித்தான். ஒரு முழுத்தாளில் கட்டம் போட்டு, எந்தப் பேச்சு, எந்த நாள், யார் யார் இருந்தார்கள், எங்கே வெளிப்பட்டது என்று நான்கு பத்தி. வயிற்று விஷயத்தில் "யார் இருந்தார்கள்" என்ற இடத்தில் அந்த அம்மாளின் பெயரை எழுதினேன். அவரை அன்று பார்த்ததாக நினைவில்லை. ஆனால் அந்த நேரத்தில் பின்பக்கம் பாத்திரத்தோடுதான் இருப்பார்.

பிறகு வந்தது வெள்ளகோவில் விஷயம். செக்கிங்கையும் பேக்கிங்கையும் வெள்ளகோவிலில் ஒரு கட்டடத்துக்கு மாற்றலாமா என்று மகன் யோசித்துக்கொண்டிருந்தான். மேனேஜரிடம்கூடச் சொல்லவில்லை. ஒரு இரவுச் சாப்பாட்டின்போது எங்களிடம் சொன்னதோடு சரி. மூன்றாம் நாள் காலை, அவன் கார் கம்பெனி கேட்டுக்குள் நுழையும்போது செக்கிங் பெண்கள் எல்லோரும் வரிசையாக நின்றிருந்தார்கள்.

"ஏனுங்க, வெள்ளகோயிலுக்கு எங்களால வர முடியாதுங்க. பஸ் உட்டாலும் முடியாதுங்க. புள்ளைக பள்ளிக்கோடம் விட்டு வர்றப்ப ஊட்டுல யாருங்க இருக்கறது? எங்களை நிப்பாட்டறதுன்னா மொகத்துக்கு நேரா சொல்லீருங்க."

மகன் மதியமே வீட்டுக்கு வந்துவிட்டான். முகம் வெளுத்திருந்தது. ஷிப்மெண்ட் போக ஒன்பது நாள் இருந்தது. நான் தாளை எடுத்து மேசைமேல் விரித்தேன்.

"எல்லா வரியிலயும் ஒரே பேருதான் இருக்குது பாரு."

அவன் படித்தான். மருமகளும் படித்தாள். அவளுக்கு அந்த அம்மாள்மேல் பிரியம் உண்டு. இருந்தாலும் கூப்பிட்டுக் கேட்டாள்.

"ஏனக்கா, இங்க பேசறதையெல்லாம் உங்க தங்கச்சிகிட்டச் சொல்றீங்களா?"

"நான் ஒரு வார்த்தை சொல்லலம்மா."

"அப்பறம் அவங்களுக்கு எப்பிடித் தெரியுது?"

அந்த அம்மாள் சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பதில் சொல்லவில்லை. நான் பார்த்தவரை, தெரியாத ஒருவரின் மௌனம் அப்படி இருக்காது. இவருக்கு ஏதோ தெரியும். அது எனக்கு உறுதியாக இருந்தது, அந்த ஒன்றில் மட்டும் நான் தவறவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்குள் அறையைக் காலி செய்துவிட வேண்டும் என்று மருமகள் சொன்னாள். சொல்லும்போது அழுதாள். அந்த அம்மாள் அழவில்லை. "மகளுக்குப் பரீட்சை இன்னும் மூணு வாரத்துல வருதும்மா" என்று மட்டும் சொன்னார். பள்ளிக்கூடம் எங்கள் தெருவிலிருந்து நடக்கிற தூரம். அறை போனால், தங்கையும் இன்னும் மூன்று பெண்களும் இருக்கும் லைன் வீட்டில்தான் போய் இருக்க வேண்டும். அந்த ஒற்றை அறையில் புத்தகத்தை விரித்து வைக்க இடம் கிடையாது. இதெல்லாம் எங்களுக்கும் தெரியும்.

மறுநாள் மாலை நான் முன் அறையில் இருந்தபோது அந்த அம்மாள் வந்தார். கையில் என்னுடைய தாள். மேசைமேலேயே விட்டிருக்கிறேன்.

"இதை எம்மக படிச்சுக் காட்டுனாய்யா. கட்டம் போட்டு நல்லா எழுதியிருக்கீக."

தாளை வாங்கக் கை நீட்டினேன். அவர் தரவில்லை.

"உங்க வயித்துச் சேதி எழுதியிருக்கீகள்ல, அன்னைக்கு நான் இங்கன இல்லய்யா. ஊர்ல சாமி கும்பிடு. முந்தின நா சாயங்காலம் போனவ, மறுநா மத்தியானந்தான் வந்தேன். அந்த ரெண்டு வேளையும் மருமகதான் பாத்திரம் தேய்ச்சாக. கேட்டுப் பாருங்க."

கேட்க வேண்டியிருக்கவில்லை. அவர் சொன்னதுமே நினைவு வந்துவிட்டது. மருமகள் கையில் சோப்பு நுரையோடு திரும்பி, "மத்தியானம் மருந்துக்கடைக்குப் போறப்ப வாங்கிட்டு வர்றனுங்க மாமா" என்று சொன்னது. ஒரு செய்தியில் நாளையும் இடத்தையும் சரிபார்க்காமல் விட்டால் நிருபரைக் கூப்பிட்டு நிற்கவைத்துக் கேட்டிருப்பேன். இதில் ஒரு மனுஷியின் பெயரை எழுதியிருக்கிறேன்.

"நேத்தே ஏன் சொல்லலீங்க?"

"சொன்னா நம்பியிருப்பீகளா?" தாளை என் முன்னால் வைத்தார். "நாளைக்கு மத்தியானம் கம்பெனிக்குப் போங்க. முன்கேட்டு வழியாப் போகாதீக. வாட்ச்மேன் மேனேஜருக்குச் சொல்லிருவாரு. சோத்து நேரத்துல கேபின்ல சும்மா உக்காந்து பாருங்க. வீட்ல யார்ட்டயும் சொல்லிக்கிட வேண்டாம்."

இது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு தந்திரமோ என்றும் எனக்குத் தோன்றியது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

மறுநாள் துணி இறக்கும் பின்கேட் வழியாக உள்ளே போனேன். பன்னிரண்டரை மணி. செக்கிங் ஹாலில் பெண்கள் டிபன் டப்பாக்களைத் திறந்துகொண்டிருந்தார்கள். கேபின் கதவு திறந்திருந்தது. மேனேஜர் என்னைக் கண்டு, கையில் சோற்றோடு எழுந்து நின்றார். பெட்டியின் பக்கம் அவருடைய இடது கை போனது. "இருக்கட்டுமுங்க, உக்காருங்க" என்றேன்.

பெட்டியிலிருந்து குக்கர் விசில் கேட்டது. எங்கள் வீட்டுக் குக்கர். அதைத் தொடர்ந்து மருமகளின் குரல், அவளுடைய அம்மாவோடு கைப்பேசியில்.

"மாமா சொல்லாமயே எங்கயோ கெளம்பிப் போயிட்டாருங்மா. எல்லாத்தையும் பேப்பர்ல கட்டம் போட்டு எழுதறாரு. எனக்கென்னமோ அடுத்த கட்டத்துல என்ற பேரு இருக்குமோன்னு பயமா இருக்குது."

செக்கிங் மேசையில் யாரோ சிரிப்பை அடக்க இருமினார்கள். மேனேஜர் என்ன செய்வதென்று தெரியாமல், வழக்கமாகச் சாப்பாட்டு நேரத்தில் செய்வதைச் செய்தார். ஹாலுக்குப் போய்ப் பெண்களிடம் கணக்குக் கேட்கும்முன், அந்தப் பெட்டியிடம் ஆங்கிலத்தில் விசிறியை நிறுத்தச் சொன்னார். கேபின் விசிறி நின்றது. பெட்டியிலிருந்து மருமகளின் குரல் வந்தது: "பாருங்க! மறுபடியும் ஃபேன் நின்னுருச்சு!"

எலக்ட்ரீசியன் எங்கள் சாப்பாட்டு அறை விசிறியையும் இந்தக் கேபின் விசிறியையும் ஒரே தொகுப்பில் போட்டிருந்தார் என்பது பிற்பாடு தெரிந்தது. அப்போது நான் கேட்டது வேறு.

"எத்தனை நாளா இது இப்பிடித் தொறந்தே கெடக்குது?"

"தெனமுந்தானுங்க. காத்தால மொதலாளி பேசி முடிச்சதுலிருந்து. சில நா சாயங்காலம் வரைக்கும் ஓடுமுங்க, சில நா ராத்திரி ஷிப்ட் முடியற வரைக்கும்."

"நீங்க கட் பண்ணியிருக்கலாமில்லீங்க?"

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "மொதலாளி வெக்காம நாங்க எப்பிடிங்க வெக்கறது?"

அதில் குறும்பு எதுவும் இல்லை. இந்த ஊரில் முதலாளியோடு பேசும்போது போனை முதலில் வைக்கிற மேனேஜரை நான் பார்த்ததில்லை. அவர் "வெச்சர்றேன்" என்பார், இவர் "வெச்சுருங்க" என்பார், டக்கென்று சத்தம் வந்த பிறகே போனைக் காதிலிருந்து எடுப்பார். ஆங்கிலம் மட்டுமே கேட்கும் பெட்டிக்கு "வெச்சர்றேன்" புரியாது, டக்கென்ற சத்தம் வரவே இல்லை. அதனால் அவர் காத்திருந்தார். நான்கு மாதமாக.

"சத்தத்தையாவது கொறைச்சு வெச்சிருக்கலாம்."

"மொதலாளி கார் உள்ள வந்தா கொறைச்சர்றனுங்க. அவிய ஊட்டுப் பேச்சை அவிய முன்னாலயே நாங்க கேட்டா நல்லாருக்குங்களா? மத்த நேரத்துல கொறைச்சா, அவிய கூப்புடறது கேக்காமப் போயிருமுங்களே."

அப்போது செக்கிங் மேசையிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தார். அந்த அம்மாளின் தங்கை. அவர் சொன்னதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட உறைத்தது.

"அய்யா, நாங்க எங்க பேச்சைத்தான் நீங்க கேக்குறீகன்னு நெனச்சோம். எங்க பக்கத்துல மைக்கைத் தொறந்து வச்சுட்டு, அங்க உக்காந்து யார் என்ன பேசுறான்னு பாக்குறீகன்னு. அதான் ஒருத்தரும் வாயே தொறக்கல. அக்காட்ட மட்டும் சொன்னேன். வெளிய சொன்னா ரெண்டு பேரு வேலையும் போயிரும், நீ வாயத் தொறக்காதன்னும் சொன்னேன்."

செக்கிங் செக்‌ஷன் நான்கு மாதமாக அமைதியாக வேலை செய்கிறது என்று மகன் மேனேஜரைப் பாராட்டியது எனக்கு நினைவு வந்தது. வீட்டுக்குள் ஓர் ஒற்றர் இருப்பதாக நான் நினைத்துக்கொண்டிருந்த அதே நாட்களில், தங்கள் மேசைப் பக்கத்தில் முதலாளி காது வைத்திருப்பதாக இவர்கள் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். கம்பெனியின் இரைச்சல் எங்கள் வீட்டுப் பெட்டியிலும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. விசிறிச் சத்தமும், மெலிதாக ஒரு எஃப்.எம். பாட்டும். அடுத்த காம்பவுண்டில் ஒரு பனியன் கம்பெனி, எதிரில் இன்னொன்று. அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று இந்த ஊரில் யாரும் தலை திருப்பிப் பார்ப்பதில்லை. பெட்டியைச் சுற்றி எரிந்த பச்சை விளக்கை, கரண்ட் இருக்கிறது என்பதற்கு அடையாளம் என்று மருமகள் நினைத்திருக்கிறாள்.

குழாயையும் மிக்ஸியையும் பற்றி நான் யாரிடமும் கேட்கவில்லை. நாங்கள் வெள்ளகோவிலைப் பற்றிப் பேசிய இரவு மட்டும் அந்த அம்மாள் வேலை முடித்து அறைக்குப் போயிருந்தார். குழாயைத் திறந்துவிட அங்கே யாரும் இருக்கவில்லை. இதுவும் என் தாளில் தப்பாகவே பதிவாகியிருந்தது.

அன்று மாலையே மகன் மூன்று பெட்டிகளையும் கழற்றினான். செக்கிங் பெண்களிடம் போய், அது தெரியாமல் நடந்தது என்று சொன்னான். அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். நம்பினார்களா என்று எனக்குத் தெரியாது. பெட்டி இருந்த இடத்தில் கிடந்த ஒயரை ஒரு பெண் இழுத்துப் பார்த்ததாக மேனேஜர் சொன்னார். வெள்ளகோவில் பேச்சு தள்ளிப்போனது.

மருமகள் பின்அறைக்குப் போய் அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, இருக்கச் சொன்னாள். நானும் போனேன். "தப்பு என்னுதுங்க" என்றேன்.

"பரீட்சை முடியுற வரைக்கும் இருக்கேன்யா" என்றார்.

அப்படியே இருந்தார். அத்தனை நாளும் சமையலில் ஒரு குறையும் இல்லை. ஊர்க்கதை மட்டும் திரும்பி வரவில்லை. நாங்கள் மேசைக்கு வந்தால் அவர் பின்பக்கம் போய்விடுவார். மருமகள் இரண்டு முறை கூப்பிட்டு நிறுத்திப் பார்த்தாள். "நீங்க பேசுங்கம்மா, எனக்கு வேலை கெடக்கு" என்றார். நாங்களும் அவர் போன பிறகே பேசினோம். அவர்மேல் இப்போது எங்களுக்கு ஒரு சந்தேகமும் இல்லை என்று மூவருமே சொல்லிக்கொண்டோம். ஆனாலும் அவர் போகும்வரை காத்திருந்தோம்.

கடைசிப் பரீட்சை முடிந்த மறுநாள் காலை, தங்கை ஒரு ஆட்டோவோடு வந்தார். மகள் புத்தக மூட்டையைத் தூக்கிக்கொண்டு முதலில் போய் ஏறிக்கொண்டாள். என்னைப் பார்க்கவில்லை. அந்த அம்மாள் இரண்டு பைகளைக் கொண்டுவந்து, வாசலில் என் முன்னால் வைத்து, இரண்டின் வாயையும் விரித்தார். வேலை முடிந்து வெளியே போகும் பெண்கள் வாட்ச்மேன் முன்னால் பையை விரித்துக் காட்டுவது எங்கள் கம்பெனியிலும் தினமும் நடப்பதுதான்.

"பாத்துக்கிடுங்கய்யா."

"அதெல்லாம் வேண்டாமுங்க. எடுத்துட்டுப் போங்க."

அவர் பைகளை மூடவில்லை. ஆட்டோக்காரர் ஒரு முறை ஹாரன் அடித்தார். மருமகள் உள்ளே போய்விட்டாள். அவர் அப்படியே விரித்துப் பிடித்தபடி நின்றார்.

பார்த்தேன். நான்கு சேலை, ஒரு ஈயச்சட்டி, சாமி படம், பள்ளிக்கூடச் சீருடை ஒன்று.

பிறகுதான் மூடினார்.